ஓட்டை வட்டமாக இல்லை

போன ஞாயிறு காலை மாங்கரை செக்போஸ்ட் தாண்டி ஆனைகட்டிக்கு ஏறும்போது என் சைக்கிளிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. செயின் ஓடுகிறது, டயர் தாரில் உரசுகிறது, நான் மூச்சு வாங்குகிறேன், அவ்வளவுதான். இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான். ஐந்து மாதமாக ஏற்றம் வந்து வலது காலை அழுத்தினால் போதும், முதலில் 'டிக், டிக்' என்று ஆரம்பிக்கும். அரை மணி நேரத்தில் பழைய நாடாக் கட்டில் மாதிரி 'கிரீச்' என்று முனகும்.

வண்டி ஓர் அலுமினிய ஹார்ட்டெயில், அதாவது பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத மலை சைக்கிள். 29 அங்குலச் சக்கரம், முன்னால் 100 மில்லிமீட்டர் அமுங்கும் ஏர் ஃபோர்க், ஷிமானோ எக்ஸ்டி கியர். புதிதாக வாங்கியவர் 2 லட்சத்துக்கு மேல் கொடுத்திருந்தார். நான்கு வருடம் கழித்து நான் 72,000 ரூபாய்க்கு வாங்கினேன். பிராண்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை. மலை சைக்கிள் என்றதும் யார் வாயிலும் மூன்று நான்கு பெயர்கள் வரும் இல்லையா, அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபிரேமில் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் நானும் பேரம் பேசாமல் பணத்தை எடுத்துக் கொடுத்தேன்.

என்னோடு ஓட்ட வருபவன் அக்கா மகன். அவனுடையது 30,000 ரூபாய் வண்டி. மூன்று வருடமாகத் தண்ணீர் பட்டு, சேறு பட்டு, ஒருமுறை ஓடைக்குள் விழுந்தும் வாயைத் திறக்காத வண்டி. மூன்றாவது வாரம் கேட்டேவிட்டான். "மாமா, உங்களுது ரெண்டு லட்சம், என்னுது முப்பதாயிரம். சத்தம் மட்டும் ஏன் உங்களுதுல வருது?" பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அலன் கீ செட்டை எடுத்தேன்.

முதல் தப்பு, சத்தம் எங்கே கேட்கிறதோ அங்கேதான் இருக்கும் என்று நம்பியது. அலுமினியக் குழாய் சத்தத்தை எங்கிருந்து எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகும். எனக்குச் சீட்டுக்கு அடியில் கேட்டது. சீட் போஸ்டை உருவி, துடைத்து, கிரீஸ் பூசிப் போட்டேன். அப்படியே இருந்தது. எழுந்து நின்று மிதித்தாலும் சத்தம் வருகிறது என்றால் சீட்டில் பாரமே இல்லை, சீட் போஸ்ட் காரணமாக இருக்க முடியாது. இது தோன்றவே ஒரு வாரம் ஆனது. அடுத்து பெடல் மரையில் கிரீஸ். அடுத்து செயின்ரிங் போல்ட்கள். அடுத்து ஹெட்செட், அதாவது ஹேண்டில்பார் திரும்பும் இடத்துப் பேரிங். மிதிக்காமல் இறக்கத்தில் விட்டால் சத்தம் இல்லை, அதனால் சக்கரத்துப் பேரிங்கையும் தள்ளிவிட்டேன். மிச்சம் இருந்தது பிபி (பாட்டம் பிராக்கெட்), அதாவது பெடல் மாட்டும் கிராங்கின் அச்சு சுற்றும் பேரிங் செட். இதுவரை செலவு கிரீஸுக்கும் கார்பன் பேஸ்டுக்கும் 350 ரூபாய். போன காலம் ஒன்றரை மாதம்.

கிராங்கைக் கழற்றிப் பார்த்தேன். பேரிங்கை விரலால் சுற்றினால் வலது பக்கம் மணல் அரைக்கிற மாதிரி இருந்தது. பேரிங் போய்விட்டது, கதை முடிந்தது என்று சந்தோஷமாக இருந்தேன்.

இந்த ஃபிரேமில் பிபிக்கு மரை கிடையாது, பிரஸ்ஃபிட். 41 மில்லிமீட்டர் ஓட்டையில் நைலான் கப்பை இறுக்கமாக அழுத்தி உட்கார வைப்பார்கள், கப்புக்குள் பேரிங் இருக்கும். கழற்றவும் அழுத்தவும் தனி டூல் வேண்டும். கடையில் விலை கேட்டுவிட்டுத் திரும்பி வந்து நானே செய்துகொண்டேன். கழற்றுவதற்கு மொட்டை மாடியில் கிடந்த அரை இஞ்ச் ஜி.ஐ. பைப் துண்டு. அதன் வெளிவிட்டம் 21 மில்லிமீட்டர்தான், அச்சு போகும் ஓட்டைக்குள் தாராளமாக நுழையும். ஒரு முனையில் ஹேக்ஸா பிளேடால் நான்கு அங்குல ஆழத்துக்குக் குறுக்கும் நெடுக்குமாக அறுத்து, நான்கு இதழையும் வெளியே வளைத்தேன். மறுபக்கத்திலிருந்து உருவினால் இதழ்கள் விரிந்து கப்பின் முதுகில் உட்கார்ந்துகொள்ளும். சுத்தியலால் இரண்டு தட்டு, கப் வெளியே. அழுத்துவதற்கு எம் 12 திரெட் ராட் ஒரு மீட்டர், நான்கு நட், கனமான வாஷர்கள், எல்லாம் சேர்த்து 260 ரூபாய். இந்த இரண்டையும் இன்றைக்கும் நம்பிக்கையோடு எடுப்பேன்.

பழைய கப் இரண்டே தட்டில் வந்துவிட்டது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அழுத்தி உட்கார வைத்த கப் அவ்வளவு சுலபமாக வரக்கூடாது. நானோ என் டூல் பிரமாதம் என்று நினைத்துக்கொண்டேன்.

புது ஷிமானோ பிரஸ்ஃபிட் செட் 2,450 ரூபாய். மாட்டினேன், சத்தம் போனது. மூன்று வாரம், சுமார் 140 கிலோமீட்டர். ஐப்பசி மழையில் ஒருநாள் நனைந்தேன். மறுநாள் 'டிக்'.

இந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்தது, கோபத்தில் செய்த வேலை உருப்படவில்லை. பேரிங் பிடிக்கும் பசை என்று பச்சை நிறத்தில் ஒன்று கிடைக்கும், 680 ரூபாய்க்கு ஒரு சின்னக் குப்பி. கப்பைக் கழற்றி, சுற்றிலும் பூசி, திரும்ப அழுத்தி, ஒருநாள் காய விட்டேன். நாலாவது நாள் சத்தம் திரும்பி வந்தது. மறுபடி கழற்றினால் பசை ஷாம்பு மாதிரி வழவழவென்று அப்படியே இருக்கிறது. அந்த வகைப் பசை இரண்டு உலோகப் பரப்புக்கு நடுவே, காற்றுப் படாத இடத்தில்தான் கெட்டியாகும். என் கப்போ நைலான். குப்பியின் மேலேயே எழுதியிருந்தது, பொடி எழுத்தில். படிக்காதது நான்தான்.

அதற்குப் பிறகுதான் அளந்து பார்க்கும் எண்ணம் வந்தது. முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை. வீட்டில் இருந்த டிஜிட்டல் வெர்னியரை ஓட்டைக்குள் விட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு எண். இந்த அளவு நுணுக்கத்துக்கு வெர்னியர் உதவாது. கணபதி பக்கம் பம்ப் பாகங்கள் கடையும் ஒரு லேத் பட்டறைக்கு ஃபிரேமை ஸ்கூட்டரின் பின்னால் கட்டிக்கொண்டு போனேன். கோயம்புத்தூரில் இருப்பதில் இது ஒரு வசதி. சைக்கிள் கடையில் இல்லாத கருவி தெருமுனைப் பட்டறையில் இருக்கும்.

பட்டறை அண்ணன் ஓட்டையின் விட்டம் அளக்கும் போர் டயலை எடுத்து, முதலில் அளவு தெரிந்த ஒரு வளையத்தில், அதாவது ரிங் கேஜில், 41-க்கு முள்ளைப் பூஜ்யத்தில் வைத்தார். ஓட்டைக்குள் விட்டு, ஒரு ஆழத்தில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சுற்றினார். வலது பக்கம் முள் அசையவில்லை என்றே சொல்லலாம்: 40.98, 40.99. கையில் பிடித்திருந்த என் கப்பை மைக்ரோமீட்டரில் வைத்தால் 41.03. சரி, இறுக்கமாக இருக்கும். இடது பக்கம் போனார். முள் நகர்ந்தது. மேலும் கீழுமாக 41.05. டயலைப் படுக்கையாகத் திருப்பினார், 41.09. இன்னும் உள்ளே தள்ளிப் பார்த்தார், அதே கதை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏனுங் தம்பி, ஓட்டை வட்டமாவே இல்லீங்களே. என்ன வெலைனு சொன்னீங்க?"

இரண்டு லட்சம் என்றேன். பக்கத்து லேத்தில் வேலை செய்துகொண்டிருந்த பையன் மெஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தான்.

இதுதான் விஷயம். 41.03 கப் 41.09 ஓட்டைக்குள் ஆடிக்கொண்டு இருந்திருக்கிறது. ஒவ்வொரு மிதிக்கும் நைலான் அலுமினியத்தில் உரசி முனகியிருக்கிறது. கப் ஆடியதால் அச்சு சாய்ந்து, வலது பேரிங்கும் சீக்கிரம் செத்திருக்கிறது. புது செட் போட்ட மூன்று வாரம் அமைதியாக இருந்தது கிரீஸின் தயவு. ஃபேக்டரியிலேயே இப்படி வந்ததா, முந்தைய கைகளில் கப்பை மாற்றி மாற்றித் தேய்ந்ததா என்று கேட்டேன். ஓட்டைக்குள் டார்ச் அடித்து, கட்டிங் டூல் போன வரி தேயாமல் அப்படியே இருப்பதைக் காட்டினார். தேய்ந்திருந்தால் அந்த வரி மழுங்கியிருக்கும் என்றார்.

வழி இரண்டு இருந்தன. ஒன்று, இரண்டு அலுமினியக் கப்பும் நடுவில் ஒன்றோடொன்று மரையில் இறுகிக்கொள்ளும் வெளிநாட்டு பிபி. வரியெல்லாம் சேர்த்து 9,000 வரை ஆகும் என்று கணக்குப் போட்டேன். வாங்கினாலும் இடது ஓட்டை 41.09-ஆகத்தான் இருக்கும். இன்னொன்று அண்ணன் சொன்னது. ஓட்டைக்கு ஏற்ற மாதிரி ஒரே துண்டில் ஸ்லீவ், அதாவது ஒரு குழாய், கடைந்துவிடலாம். இடது பக்கத்திலிருந்து உள்ளே தள்ளுவது, வலது முனை சிறியது, இடது முனை பெரியது. இடது ஓட்டை பெரிதாக இருப்பது இப்போது நமக்கே வசதி, சிறிய முனை அதன் வழியாகத் தடையில்லாமல் போய்விடும்.

நோட்டுத் தாளில் படம் போட்டோம். வலது முனை 41.00. இடது முனைக்கு நான் 41.12 கேட்டேன், இறுக்கமாக இருக்கட்டும் என்று. "ஃபிரேம் பொளந்துக்கும் தம்பி" என்றார். 41.07 என்று முடிவானது. மேலும் கீழும் 20 மைக்ரான், அதாவது 0.02 மில்லிமீட்டர், பிடிக்கும், பக்கவாட்டில் 20 மைக்ரான் இடைவெளி இருக்கும், அதைப் பசை நிரப்பும். இந்த முறை உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே. வீணாகிவிட்டது என்று நினைத்த குப்பிக்கு வேலை வந்தது. நடுப்பகுதியின் வெளிவிட்டத்தை 36-க்கு இறக்கி எடை குறைத்தோம். இரண்டு முனையிலும் 7 மில்லிமீட்டர் ஆழத்துக்கு 37 விட்டத்தில் பேரிங் உட்காரும் இடம். பேரிங் நம்பர் 6805, எந்தப் பேரிங் கடையிலும் கிடைக்கும், ஒன்று 420 ரூபாய். அதன் உள்விட்டம் 25, ஷிமானோ அச்சு 24. அந்த ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கு பழைய செட்டிலிருந்த பிளாஸ்டிக் புஷ்களையே எடுத்து வைத்தோம்.

6061 ரக அலுமினிய ராட், 45 மில்லிமீட்டர் விட்டம். ஒரு முனையைக் கடைந்து முடித்துத் திருப்பிப் பிடிக்கும்போது மட்டும் அண்ணன் பேச்சை நிறுத்தினார். டயலை வைத்து, லேத்தில் துண்டைப் பிடித்திருக்கும் 'சக்'கைக் கையால் சுற்றி, ஒரு தாடையைத் தளர்த்தி, இன்னொன்றை இறுக்கி, முள் 10 மைக்ரானுக்குள் அடங்கும் வரை இருபது நிமிடம். இரண்டு பேரிங்கும் ஒரே கோட்டில் உட்காரவில்லை என்றால் மொத்த வேலையும் தண்டம்.

முதல் ஸ்லீவ் தண்டமானது, அது என் தப்பு. இடது பக்க விளிம்பின் தடிமனைப் படத்தில் 2.5 என்று போட்டிருந்தேன், பார்வைக்கு உறுதியாக இருக்கட்டும் என்று. பழைய கப்பில் அது வெறும் 1 மில்லிமீட்டர். பசை போடாமல் செருகிப் பார்த்தபோது கிராங்க் அச்சு முழுதாக வெளியே வரவில்லை. விளிம்பைக் குறைக்கலாம் என்று திரும்பப் பிடித்ததில் பேரிங் இடம் நசுங்கியது. இரண்டாவதைக் கடையும்போது பழைய கப்களை மாட்டி மொத்த அகலத்தை அளந்தோம்: ஃபிரேம் 91.8, இரண்டு பக்கமும் ஒவ்வொரு மில்லிமீட்டர், ஆக 93.8. இரண்டு ஸ்லீவுக்கும் அலுமினியம், கூலி எல்லாம் சேர்த்து 2,200 ரூபாய் வாங்கினார். முதலாவதற்குக் கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஸ்லீவை ஒரு ராத்திரி ஃப்ரீஸரில் வைத்தேன், ஐஸ்கிரீம் டப்பாவுக்குப் பக்கத்தில். இந்த விட்டத்துக்கு அலுமினியம் அந்தக் குளிரில் 40 மைக்ரான் அளவு சுருங்கும், கையாலேயே உள்ளே போகும் என்பது கணக்கு. கணக்கு சரிதான், ஆனால் வெளியே எடுத்த அரை நிமிடத்தில் மேலெல்லாம் ஈரம் படிந்துவிட்டது. பசை இருக்கும் இடத்தில் தண்ணீர் ஆகாது. அசிட்டோன் துணியால் துடைத்து, மறுபடி ஈரம், மறுபடி துடைத்து, பதறிப்போய் ஒருவழியாகத் தள்ளினேன். கடைசி ஒரு சென்டிமீட்டருக்குத் திரெட் ராட் தேவைப்பட்டது. அடுத்த தடவை ஃப்ரீஸர் வேண்டாம், ராட் மட்டும் போதும். ஒருநாள் முழுக்க ஃபிரேமைத் தொடவில்லை.

மறுநாள் பேரிங்கை அழுத்தி, கிரீஸ் பூசி, கிராங்கை மாட்டினேன். கிரீஸ் கையோடு நிற்கும்போது ரீபேக் நினைவு வந்தது. 1976-இல் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் சில பேர் பழைய தடித்த டயர் ஷ்வின் சைக்கிள்களை ஒரு மலைப்பாதையில் போட்டி போட்டு இறக்கினார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக். அடிவாரம் வரும்போது சக்கரத்தின் நடு ஹப்பிலிருக்கும் கிரீஸ் புகைந்து போயிருக்கும், ஒவ்வொரு முறையும் பிரித்துத் திரும்ப அடைக்க வேண்டும். அந்தப் பாதைக்கே ரீபேக் என்று பெயர் வந்தது அதனால். இன்றைக்குப் பெரிய பெயர்களாக இருக்கும் கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ் எல்லாம் அங்கே கையில் கிரீஸோடு நின்றவர்கள்தான். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

கிராங்க் போல்ட் இரண்டையும் மாற்றி மாற்றி 13 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினேன். இடது மூடியை விரல் பலத்துக்கு மேல் இறுக்கவே கூடாது, அது அச்சின் பக்கவாட்டு ஆட்டத்தை எடுப்பதற்குத்தான். முன்பு அதையும் முறுக்கி வைத்திருந்தேன்.

ஐந்து வாரம், 310 கிலோமீட்டர், இரண்டு நல்ல மழை. சத்தம் இல்லை. கழற்றுவதற்கும் மாட்டுவதற்கும் ஆன மொத்தச் செலவு 6,780 ரூபாய்.

இப்போது அக்கா மகன் கேள்விக்கு வருகிறேன். அவன் வண்டியையும் ஒருநாள் பிரித்துப் பார்த்தேன். பழைய பி.எஸ்.ஏ. மரை, 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 புரி. வலது பக்கம் தலைகீழ் மரை. தெரியாமல் வழக்கமான பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும், எனக்கும் ஒரு நிமிடம் அப்படித்தான் ஆனது. அப்பா ஓட்டிய பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். சைக்கிளின் பெயரில் இருந்த அதே பி.எஸ்.ஏ.தான். பர்மிங்காமில் துப்பாக்கி செய்த கம்பெனியின் பெயர் ஒரு மரைக்குப் பெயராக நிலைத்துவிட்டது. மரை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் இறுக்கினால் பிடித்துக்கொள்ளும். பிரஸ்ஃபிட்டில் மன்னிப்பே கிடையாது, ஓட்டை வட்டமாக, அளவாக இருந்தாக வேண்டும். மரை வெட்டும் வேலை மிச்சம், ஃபிரேமை அகலமாகச் செய்யலாம் என்று பெரிய கம்பெனிகள் பலவும் பிரஸ்ஃபிட்டுக்குப் போயின. அப்புறம் சத்தமில்லாமல் திரும்பவும் வந்தன. ஸ்பெஷலைஸ்டு கம்பெனி 2018-இல் கொண்டுவந்த ஸ்டம்ப்ஜம்பர் மாடலில் மறுபடி மரை. சாண்டா குரூஸ் கம்பெனி தன் மலை சைக்கிள்களில் பெரும்பாலும் மரையை விடவே இல்லை.

அதற்காகப் பெரிய பெயரெல்லாம் வெறும் ஸ்டிக்கர் என்று சொல்ல மாட்டேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட் பாதையில் இருவரும் வண்டியை மாற்றிக்கொண்டோம். வேர் குறுக்கே ஓடும் இறக்கம். அவன் வண்டியின் ஸ்பிரிங் ஃபோர்க் ஒவ்வொரு வேரிலும் திருப்பி உதைத்தது, கீழே வருவதற்குள் மணிக்கட்டு விண்ணென்று வலித்தது. என் வண்டியில் அவன் பிரேக்கே பிடிக்காமல் இறங்கிவிட்டான். தொங்கு தராசில் என்னுடையது 11.9 கிலோ, அவனுடையது 14.6. ஹேண்டில்பார் எங்கே இருக்க வேண்டும், முன் சக்கரம் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதையெல்லாம் யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள், அது இறக்கத்தில் தெரிகிறது. பெயருக்குக் கொடுத்த பணம் அங்கே போயிருக்கிறது. ஆனால் கியரும் பிரேக்கும் இரண்டு வண்டியிலும் ஷிமானோதான், வரிசை மட்டும் வேறு. பெரிய பெயர்களின் ஃபிரேம்களில் பலவும் தைவானில் செய்தவை. 1972-இல் தொடங்கிய ஜெயண்ட், பெயர் எடுக்கும் முன் ஷ்வின் உட்பட மற்றவர்களுக்குச் செய்து கொடுத்த ஃபேக்டரிதான். யோசித்தவர் ஒருவர், ஓட்டை போட்டவர் இன்னொருவர், அளந்து பார்க்க வேண்டியவர் மூன்றாவது ஆள். என் ஃபிரேமில் அந்த மூன்றாவது ஆள் அன்றைக்கு லீவு போல. வாழ்நாள் உத்தரவாதம் என்று விளம்பரத்தில் இருப்பதும் பல கம்பெனிகளில் முதல் உரிமையாளருக்கு மட்டும்தான். நான் இரண்டாவது ஆள், கேட்கவே இல்லை.

பழைய வண்டி மறுபடி வாங்கினால் முதலில் பிபி மரையா பிரஸ்ஃபிட்டா என்று கேட்பேன். பிரஸ்ஃபிட் என்றால் பணம் கொடுக்கும் முன் கிராங்கைக் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோக ஒப்புக்கொள்வாரா என்று பார்ப்பேன். ஒப்புக்கொள்ளவில்லை என்றால் விலையில் 7,000 குறைப்பேன்.

ஸ்லீவில் ஒரு குறை மிச்சம் இருக்கிறது. பேரிங்கை மாற்ற வேண்டி வந்தால் பின்னாலிருந்து தட்ட இடமே விடவில்லை. ஸ்லீவின் உள்விட்டம் 29, பேரிங்கின் உள்வளையத்தில்தான் தட்டும் பஞ்ச் கம்பி படும், வெளிவளையம் கைக்கு அகப்படாது. பேரிங் உட்காரும் படியில் எதிரெதிராக இரண்டு வெட்டுப் போட்டிருந்தால் போதும். பாழான முதல் ஸ்லீவில் அரத்தால் ராவிப் பார்த்துவிட்டேன், 3 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் பஞ்ச் நன்றாகப் பிடிக்கிறது.